ஏழாவது பெயர்

பேப்பர் வரவில்லையாம். அடுக்களை வாசலில் பலகையைப் போட்டு, முருங்கைக்கீரையை முறத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த வயலட்டுக்கு அந்தப் பேச்சுதான் தொண்டையில் மாத்திரை மாதிரி நின்றது. வரவில்லை என்று சொன்னது மகன் ஜெபின். ஆனால் ஆறு மணிக்கு முன்னால் கேட்டுக்குள் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் அவள் காதில் கேட்டது, பூனை குதித்தால் அப்படிக் கேட்காது, பூனைக்குச் சத்தமே கிடையாது. வீட்டுக்காரர் எழுந்து போய்க் கேட்டைத் திறந்த சத்தமும் கேட்டது. திரும்பி வர ஏன் அவ்வளவு நேரம்? பிச்சிக்கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாரே, அங்கே நின்று பார்க்க என்ன இருக்கிறது, ஆடி மாதக் காற்றில் மொட்டுக்கூட இல்லை. உள்ளே வந்தவரிடம் பேப்பர் எங்கே என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெபின் முந்திக்கொண்டு, வரலம்மா, பையனுக்குக் காய்ச்சலாம் என்றான். இவர் செருப்பைச் சுவரோரமாக ஒழுங்காக வைப்பதிலேயே கண்ணாக இருந்தார். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்த மனுஷன், பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார், அது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அது பொய் சொல்ல வேண்டிய இடம். கீரை நெட்டை இடது கையில் பிடித்து வலது கையால் உருவினாள், இலைகள் பொலபொலவென்று விழுந்தன, பழுத்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டு விரலைவிட்டுப் போகமாட்டேன் என்றது.

டிவியும் அப்படித்தான். செட்டாப் பாக்ஸ் ரிப்பேர் என்கிறான். நேற்றுச் சாயங்காலம் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டி தூங்கி எழுந்திருப்பதற்குள் எப்படிக் கெடும்? ரிமோட்டையும் காணோம். ரிப்பேர் ஆனது பெட்டி, ரிமோட்டுக்கு என்ன வந்தது? ஜெபின் ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறான், ஏண்டா என்றால் சும்மாதாம்மா என்கிறான், கல்யாணத்துக்கே மூன்று நாள் லீவு கேட்டு வாங்கத் தெரியாதவன். மருமகள் பெனிட்டா கொடுத்த தேயிலையில் சீனி இரண்டு கரண்டி. அத்தைக்குச் சர்க்கரை இருநூறைத் தாண்டிவிட்டது என்று மூன்று மாதமாக டப்பாவைத் தூக்கி மேல்தட்டில் வைத்திருக்கிற பெண், இன்றைக்குக் கேட்காமலே இரண்டு கரண்டி போட்டிருக்கிறாள். குடிக்கும்போது நாக்குக்கு இதமாக இருந்தது, உள்ளே இறங்கும்போதுதான் பயமாக இருந்தது. ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து மகள் ஷைனி போன் செய்தாள். அம்மா நல்லா இருக்கியாம்மா என்றாள், ‘ம்மா’ வரும்போது குரல் உடைந்தது. ஏட்டி என்ன என்று கேட்டால் சளி என்கிறாள். சளி பிடித்த குரல் எது, அழுத குரல் எது என்று பெற்றவளுக்கா தெரியாது? அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதில் குக்கல் இருமல் வந்தபோது ராவெல்லாம் தோளில் போட்டு நடந்தவளுக்கா?

இடது கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. சங்கிலிக்கு மேலே, நெல்லிக்காய் அளவு கட்டி. விழுங்கினால் மேலே ஏறி இறங்கும். போன மாதம் கோயிலில் பாட்டுப் பாடும்போது பக்கத்தில் நின்ற அம்மாள்தான் பார்த்துவிட்டு என்னது வயலட் என்று கேட்டாள். ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள். ஐந்து நாளும் இந்த வீட்டில் யாரும் குழம்பில் உப்புப் பார்க்கவில்லை. நேற்று மாலை ஜெபின் ஒரு கவரோடு வந்தான், ஒண்ணுமில்லம்மா, வெறும் கட்டி, மாத்திரை போதுமாம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அல்வா வாங்கி வந்திருந்தான். அவள் உடனே முழங்கால் போட்டு அழுதாள், நம்பினாள். அந்தக் கவருக்குள் இருந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவள் தன் பெயரை வாசித்தாள், வயதை வாசித்தாள், மற்றதை ஜெபின் வாசித்துச் சொன்னான். அவன் சொன்னதுதான். மரகதம் சித்திக்கும் இப்படித்தான் எல்லாரும் சிரித்தார்களே. குடல்புண் சித்தி, மோர் குடிங்க சரியாயிடும் என்று சித்தியின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னது யார், இதே வயலட்தானே. அன்றைக்கும் இனிப்பு வாங்கினார்கள். சித்தி கடைசி வாரத்தில் அவள் கையைப் பிடித்து, எல்லாரும் நல்லாச் சிரிச்சிய என்றாள், கோபமே இல்லாமல். நல்லாச் சிரிச்சிய. இந்த வீட்டில் சிரிக்கவும் மறைக்கவும் ஒரே ஆட்களுக்குத்தான் தெரியும், அவளும் அதில் ஒருத்தி, அதனால் அவளை ஏமாற்ற முடியாது.

எல்லாவற்றையும்விடக் காலை ஜெபம்தான். அதை நினைக்கக் கூடாது என்றுதான் கீரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், கை வேலை செய்தால் மனசு அடங்கும் என்று, கீரை பாதி ஆயிற்று, மனசு அங்கேயே நிற்கிறது. ஆறரைக்குக் குடும்ப ஜெபம். இவர் நோட்டை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை வாசிப்பார், ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பார். முதலில் போதகரான கோயில் ஐயர், அப்புறம் ஜெபின், பெனிட்டா, ஷைனி, மருமகன் ராபின், பேத்தி. ஆறு பெயர். கடைசியில், என் மனைவி வயலட். இன்றைக்குப் பேத்தியின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சு அவருக்குள்ளே போகிற சத்தம் கேட்டது, சுவாசக் கோளாறுக்காரர் மாதிரி. அப்புறம்தான், என் மனைவி வயலட் என்றார், குரல் கம்மியிருந்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஜெபத்தில் கண்ணைத் திறக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஜெபினும் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெனிட்டா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். அவ்வளவுதான், போதும், அதற்குமேல் என்ன தாள் வேண்டும், எந்த இங்கிலீஷ் வேண்டும்? என் பெயருக்கு முன்னால் இந்த மனுஷனுக்கு மூச்சு நின்றுபோகிறது.

மூச்சு. அந்தக் காலத்தில் நீலமேகம் பாட்டிலும் ஒரு மூச்சு வரும். நினைப்பு ஏன் அங்கே போகிறது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது, சாகப்போகிறவளுக்குச் சினிமாப் பாட்டு. ஆனாலும் போயிற்று. மற்றப் பாடகர்கள் மூச்சு விடுவது வெளியே தெரியாது, மனுஷர்தானா என்று இருக்கும். நீலமேகம் சரணம் எடுக்கும் முன்னால் மூச்சு இழுப்பது ரேடியோவில் கேட்கும், ஓடி வந்து வாசலில் நிற்கிற ஆள் மாதிரி, சொல்ல வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்கிற மாதிரி. அதற்குப் பிறகு வருகிற வரியைவிட அந்த இழுப்புக்காகத்தான் அவள் கிணற்றடியில் நிற்பாள். வீட்டில் ரேடியோ கிடையாது. சினிமாப் பாட்டு உலகத்தாருடையது, ஆண்டவருடைய பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்கடை, காலை எட்டு மணிக்கு ரேடியோ பாடும், காதில் விழாமல் இருக்கக் காதை எங்கே கொண்டு போய் வைப்பது? வாளி நிறைந்து வழிந்தாலும் இறைத்துக்கொண்டே இருப்பாள். பாத்திகளில் எப்போதும் தண்ணீர் நின்றது அந்த வருஷந்தான், கத்திரிச்செடி வேர் அழுகிப் போயிற்று.

பதினேழு வயதில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது, கீழே கையெழுத்தோடு. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கொஞ்சம் மாறுகண். அம்மா கையில் அது அகப்பட்டபோது அவளுக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, இவருடைய இரட்சிப்புக்காக ஜெபம் பண்ணுதேம்மா, முகம் தெரிஞ்சா பாரத்தோட ஜெபிக்கலாம்லா என்று சொன்னாள். சொல்லும்போது காதெல்லாம் சூடாயிற்று. அம்மா போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா முட்டாள் இல்லை. போட்டோவைக் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. அப்பம்னா ஜெப லிஸ்ட்ல எழுது என்றாள். எழுதிட்டு ஒரு நாளும் விடக்கூடாது, அடுத்தவங்க ஆத்துமாவுக்குப் பாரப்படுதேன்னு சொன்னா அது விளையாட்டில்ல. அன்றைக்கு எழுதியது. ‘நீலமேகம், பாடகர்.’ பொய்யாக எழுதியது. எந்த வருஷத்தில் அது உண்மையாயிற்று என்று யோசித்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் அவர் பெயரைச் சொல்வதற்காக முழங்கால் போட்டாள், அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் அதைவிட்டால் வேறு இடம் ஏது? அப்புறம் எப்போதோ, அவருக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தது. திருநெல்வேலிப் பொருட்காட்சியில் கச்சேரி. கோயில் பாடகர் குழுப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தோழி எமரால்டோடு போனாள். மணல் சூடு பாவாடை வழியாக ஏறியது. மேடை தூரத்தில், அவர் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. பாட்டின் நடுவில் இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், வாத்தியக்காரர்களைக் கையமர்த்தினார். கூட்டத்தில் சீட்டி அடித்தார்கள். அவர் மைக்கில், மன்னிக்கணும், தாமிரபரணித் தண்ணி மேல பழி போட்டா நீங்க விடமாட்டீங்க, இது என் தொண்டைதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலிலிருந்து பாடுறேன் என்று பல்லவியிலிருந்து எடுத்தார். எமரால்டு காதில் வந்து, ஏட்டி, உன் ஆளுக்குக் கஷாயம் வச்சுக் கொடு என்றாள். அன்றைக்கு ராத்திரி பட்டியலில் பாடகர் என்பதற்குப் பக்கத்தில் ‘தொண்டை’ என்று சேர்த்து எழுதினாள். அதுமுதல் இரட்சிப்பும் தொண்டையும். நாற்பத்து நான்கு வருஷம் ஒரு அந்நியருடைய தொண்டைக்காக விண்ணப்பம். உருவின நெட்டு கையில் அப்படியே நின்றது. தொண்டை தொண்டை என்று கேட்டுக் கேட்டு, ஆண்டவரே, அவருடையதை எடுத்து எனக்கு வைத்துவிட்டீரோ? சீ, என்ன நினைப்பு, அப்படிக் கணக்குப் பார்க்கிறவரா அவர். ஆனாலும் நினைப்பு வந்துவிட்டது, வந்ததைப் போ என்றால் போகுமா? பொய்யில் ஆரம்பித்த ஜெபம்தானே. அதற்கு இப்போதுதான் பதில் வருகிறதோ?

பெனிட்டா வந்து முறத்தை எட்டிப் பார்த்தாள். “நான் ஆயட்டுமா அத்தை? நீங்க கொஞ்சம் சாஞ்சுக்கோங்க.”

“எனக்கு என்ன, நான் நல்லாத்தான இருக்கேன்? இல்லியா?”

பெனிட்டா, நல்லாத்தான் இருக்கீங்க என்று சிரித்துவிட்டு, குக்கர் சத்தம் கேட்காமலே குக்கரைப் பார்க்க உள்ளே போனாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஓட்டப்பந்தயத்தில்கூட இவ்வளவு வேகமாக யாரும் ஓடமாட்டார்கள். உள்ளே அவளும் ஜெபினும் கிசுகிசுக்கிறார்கள், அம்மாவுக்கு இப்பத் தெரிய வேண்டாம் என்பது தெளிவாகக் கேட்டது, மற்றது குழாய்த் தண்ணீரோடு போய்விட்டது. அம்மாவுக்கு இப்பத் தெரிய வேண்டாம். வயலட் இலைகளை ஒன்றுசேர்த்துக் குவித்தாள், மறுபடி கலைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு வந்த வியாதி எனக்குத் தெரியக்கூடாதாம். இவரைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் இவர் பேசாமல் நிற்பார், அந்தப் பேசாமையை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? கல்யாணமான புதிதில் அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு, யாரு இந்த நீலமேகம், உங்க பக்கத்துச் சொந்தமா என்று கேட்டாரே, அன்றைக்கு அவளும் அப்படித்தான் பேசாமல் நின்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், தையல்கடை, போட்டோ, அம்மா. சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தன் நோட்டில் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டார், ஆரம்பிச்சத நிறுத்தக் கூடாது என்றார். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, எங்க வீட்டு லிஸ்ட்ல அம்மாவுக்கு முந்தி இருக்கிற ஆளு என்று கேலி செய்வார்கள். ஷைனியைத் தோளில் போட்டு நடந்தபோது பாடியதே அவர் பாட்டுத்தான், வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் ராகமாக, யாருக்கும் குற்றமில்லாமல். இவர் ரயிலில் போனாலும், காய்ச்சலில் கிடந்தாலும் ஆறுக்கு அடுத்து அந்த ஏழாவது பெயரைச் சொல்லாமல் எட்டாவதுக்கு வந்ததே

இல்லை.

கை நின்றது. ஏழாவது பெயர். பேத்தி, அப்புறம் மூச்சு, அப்புறம் என் மனைவி வயலட். நடுவில் நீலமேகம் இல்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தாள், பேத்தி, மூச்சு, வயலட். சொல்லவில்லை. என்னை நினைத்து இவ்வளவு கலங்கியிருக்கிறாரா, முப்பத்தாறு வருஷம் சொன்ன பெயர் விட்டுப்போகிற அளவுக்கு? ஆனால் மறக்கிற ஆள் இல்லையே, நோட்டில் விரலை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர், விரல் அந்த வரியில் நின்றதை அவள் கண்ணைத் திறந்தபோது பார்த்தாளே. நின்றது, தாண்டியது. அப்புறம் என் பெயருக்குப் பிறகு என்ன சொன்னார்? மூச்சிலேயே மாட்டிக்கொண்டு அதை அவள் காதில் வாங்கவே இல்லை. இப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது, கம்மிய குரல், ‘வயலட்டுக்கு வந்த பயத்தை நீக்கினீரே, டாக்டர் மூலமா நல்ல வார்த்தை தந்தீரே, ஸ்தோத்திரம்.’ தந்தீரே. இந்த மனுஷன் பெண்டாட்டியிடம் வேண்டுமானால் பேசாமல் நிற்பார். பேப்பரை ஒளித்து வைப்பார். கிடைக்காத சுகத்துக்குக் கடவுளிடம் நன்றி சொல்லமாட்டார். அவரால் முடியாது. அப்படியானால் அந்தத் தாள் உண்மை. கட்டி வெறும் கட்டி. அவள் வாய் தானாக, ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தது, முதுகு லேசாயிற்று, வேலியில் ஒரு தவிட்டுக்குருவி இவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் கேட்டது. சீனி போட்ட தேயிலை, ஷைனியின் அழுகை, பாட்டுப் போடுகிற டிவி, பேப்பர். என்னைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி இல்லவே இல்லை. ஸ்தோத்திரம் என்று மூன்றாம் முறை சொல்லப்போன நாக்கு பாதியில் நின்றது. இவர்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. ஆள் போய்விட்டால் பெயரின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடுவார்கள், அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. பட்டியலில் ஒரு பெயரைத் தாண்டிப் போக அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். எதற்கு இப்போது நன்றி சொன்னேன்? அவர் போனதற்கா?

எழுந்திருந்தாள், முறத்திலிருந்த கீரை தரையெல்லாம் கொட்டிற்று. முன்னறையில் இவர் அணைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் எதிரே நின்றாள்.

“எத்தன மணிக்குங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. “நேத்து ராத்திரி ஒம்பதுக்கு. நெஞ்சு வலி. பிரஷர் இருக்கிறவ, ஒரு நாள் கழிச்சுச் சொல்லலாம்னு ஜெபின்தான்...” என்று சொல்லிக்கொண்டே சோபா மெத்தைக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்தார். ஆறாம் பக்கத்தில் கீழே, உள்ளங்கை அளவு. நரைத்த தலை, மாறுகண் மட்டும் அப்படியே. அவள் எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தாள். தொண்டையைப் பற்றி ஒன்றும் போடவில்லை. நெஞ்சுக்காகக் கேட்கவே இல்லையே, இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட.

“இன்னைக்கு விடியக்காலம் நாலரைக்கு நான் தனியா அவருக்காக ஜெபம் பண்ணினேன். எப்பவும் போல.”

“தெரியாமப் பண்ணினதுதான.”

“அவருன்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க. நான் இல்லன்னு.”

பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தால் பேசாமல் இருக்கிறவர், உண்மையைக் கேட்டாலும் பேசாமல்தான் இருப்பார் போலிருக்கிறது. அடுக்களை வாசலில் ஜெபினும் பெனிட்டாவும் வந்து நின்றார்கள், உள்ளே வரவில்லை. அலமாரியில் நோட்டு இருந்தது, அதன்மேல் ஸ்கேலும் பென்சிலும், காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார், போடவில்லை. வயலட் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ஏழாவது வரி. ‘நீலமேகம், பாடகர், தொண்டை.’ ஸ்கேலை வைத்தாள். அது வழுக்கியது, மறுபடி வைத்தாள், கோடு போட்டாள், தேதி எழுதினாள். கழுத்துக்குக் கை போகவில்லை.

“நாளைக்கு அந்த இடத்துல இன்னைக்கு மாதிரியே நிறுத்துங்க” என்றாள். “பேர் சொல்ல வேண்டாம். நிறுத்தினா போதும்.”

அவர் வெகு நேரம் யோசித்தார், வேதத்தை மனசுக்குள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்க்கிறவர் மாதிரி.

“மூச்சு விடக் கூடாதுன்னு எங்கயும் எழுதியில்ல” என்றார்.